சேலைக்கு மேலே ஒரு கோட்டு

சர்மிளா கோட்டுப் போட ஆரம்பித்தது ஸ்டைலுக்காக இல்லை, குளிருக்காக. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். யாரும் நம்புவதில்லை.

மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. தேர் சுற்றி முடிந்து எங்கள் இசைக்குழு மேடை ஏறும்போது பனி நன்றாக இறங்கிவிட்டது. நான் கீபோர்ட் வாசிக்கிறவன். விரல்கள் மரத்துப்போய் கட்டை எது, இடைவெளி எது என்று தெரியவில்லை. சர்மிளா மெல்லிய பட்டுச் சேலையில் நின்று அம்மன் பாட்டை எடுத்தாள். குரல் நடுங்கியது. கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்தார்.

பாட்டு முடிந்ததும் என் பக்கம் குனிந்து, பல் கிட்டிக்கச் சொன்னாள். "அண்ணே, இது பக்தி இல்லண்ணே. குளிரு."

அவள் தையல்காரி. மறுநாள் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று வேனில் தொங்கிக்கொண்டிருந்தது. போய் அதை எடுத்து சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டு மேடைக்கு வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு. தோள் அவளுக்குப் பெரிது. ஆனால் அடுத்த பாட்டில் குரல் நேராக நின்றது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள்.

கோயில் கமிட்டித் தலைவர் பெரியதம்பி மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"என்னாம்மா இது கோலம்? கோயில்ல பொம்பளப் புள்ள கோட்டுப் போட்டு பாடுறதா?"

"குளிருதுங்க."

"சால்வை போத்திக்கிறது."

"சால்வை போத்தினா கையத் தூக்க முடியாதுங்க. கையத் தூக்காம எனக்குப் பாட வராது."

பெரியதம்பி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் அடுத்த பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அவர் தன் மஃப்ளரைக் காதோடு சேர்த்து இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரமே வேறொரு தோட்டத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "அண்ணே, அந்தக் கோட்டு அக்கா வரணும். கோட்டோட வரணும்."

அந்த மாப்பிள்ளை அதே கோட்டில்தான் தாலி கட்டினான். அவனுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

என் பெயர் செல்லசாமி. ஹட்டன் பஜாரில் மாடிக் கட்டடம் ஒன்றில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சர்மிளாவின் தையல் கடை. அவள் அங்கே வந்த புதிதில் எனக்கு அவள் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். மெஷின் ஓடும் வேகத்துக்குப் பாடுவாள். ஓரம் அடிக்கும்போது வேகமான பாட்டு, காஜா எடுக்கும்போது மெதுவான பாட்டு. நூல் அறுந்தால் பாட்டும் பாதியில் நிற்கும். நான் யாரோ திருத்தக் கொடுத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு மீதிப் பாட்டுக்காகக் காத்திருப்பேன்.

அப்போது எங்கள் குழுவில் பாடகி இல்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் நாலு ஆண்கள் போய்ப் பாடிவிட்டு வருவோம். ஒரு நாள் துணிந்து கேட்டேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, "எங்க அம்மாகிட்ட கேளுங்க" என்றாள்.

அம்மா ராக்காயி பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அப்பா சோலைமலையும் அங்கேதான் வேலை செய்தார். நான் போன அன்று ராக்காயி அம்மா எனக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்துவிட்டு, நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே தம்பி?"

"பேசுவாங்கம்மா."

"பேசுறவங்க வந்து பாட்டக் கேப்பாங்களா, மாட்டாங்களா?"

"அவங்கதாம்மா முன்வரிசையில உக்காருவாங்க."

"அப்ப பாடட்டும்" என்றார்.

சர்மிளாவின் புருசன் வீரய்யா வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். தன் மனைவியை மேடைக்குக் கொண்டுபோக வேறு யாருடைய வண்டியும் வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன சம்மதம். அன்றிலிருந்து ஸ்பீக்கர்களும் நாங்களும் அவருடைய வேனில்தான் போகிறோம். எல்லாரும் மேடையில் இருக்கும்போது அவர் வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார். அவள் ஒரு வரியை விட்டுவிட்டால் திரும்பும் வழியில் சரியாகச் சொல்வார்.

கோட்டைப் பற்றி இன்னொரு கதை இருக்கிறது. இதை அவள் மேடையில் சொல்வதில்லை.

லிந்துலைத் திருவிழாவுக்குப் பிறகு தனக்கென்று ஒரு கோட்டுத் தைத்தாள். கறுப்பு. கழுத்தில் மட்டும் கொஞ்சம் மினுக்கு. அதைப் போட்டுக்கொண்டு அப்பா அம்மாவைப் பார்க்கப் போனாள். பொழுது சாய்கிற நேரம். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் சோலைமலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் கோட்டுப் போட்ட உருவம் வந்து நின்றதும் சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது.

"யாருங்க? வாங்க" என்றார்.

அவர் சின்ன வயதில் கோட்டுப் போட்டவர்கள் வந்தால் பாதையை விட்டு இறங்கி, தேயிலைக்குள் நின்று, அவர்கள் போன பிறகுதான் ஏறுவாராம். தொரை வந்தாலும் அப்படித்தான், பெரிய கங்காணி வந்தாலும் அப்படித்தான். தலைக்குத் தெரியாவிட்டாலும் காலுக்கு அது தெரியும் என்று பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா, நாந்தாம்ப்பா" என்று சர்மிளா சொல்லியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் கடைக்கு வந்தவள் கதவைத் திறந்த கையோடு துணியை விரித்துவிட்டாள். பாட்டே வரவில்லை. நான் சுவரைத் தட்டி, "என்னா தங்கச்சி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்குக் கோட்டு தைக்கிறேன்" என்றாள்.

சோலைமலை முதலில் அதைத் தொடவே இல்லை. அலுமாரியில் தொங்கியது. பிறகு ஒரு நாள் கிளினிக்குக்குப் போகும்போது, காலையில் குளிராக இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் போட்டுக்கொண்டு போனார். பஸ்ஸில் யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். அது வயதுக்கா கோட்டுக்கா என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அதன் பிறகு ஓட்டுப் போடவும், கிளினிக்குக்குப் போகவும், ஹட்டனுக்கு மகளைப் பார்க்க வரவும் அந்தக் கோட்டுத்தான். போன வருசத்துக்கு முந்தின வருசம் காலமானார். கோட்டோடுதான் கொண்டுபோனோம்.

"அண்ணே, எல்லாரும் என்னைய ஸ்டைல் ஸ்டைல்னு சொல்றாங்க" என்று ஒரு தடவை கடை வாசலில் டீ குடிக்கும்போது சொன்னாள். "ஸ்டைல்னா மத்தவங்கள மாதிரி ஆகுறதுன்னு நினைச்சிருந்தேன். இல்லண்ணே. நம்ம வாசல்ல நம்மளே பயமில்லாம நிக்கிறதுதான் ஸ்டைலு."

பாட்டைப் பற்றியும் அவளுக்கு இப்படித்தான் ஏதாவது ஒன்று இருக்கும், எல்லாம் தையலில் போய் முடியும். ஒரு கூட்டத்துக்குப் பாடிய வரிசையை இன்னொரு கூட்டத்துக்குப் பாட மாட்டாள். ஒருத்தருக்கு அளவெடுத்த சட்டையை இன்னொருத்தருக்கு மாட்டிவிடுவதா என்பாள். மேடையேறியதும் முகங்களைப் பார்க்க மாட்டாள், கால்களைப் பார்ப்பாள். "மொகம் பொய் சொல்லும்ணே. பெரிய மனுசங்க மொகத்த உம்முன்னு வச்சிருப்பாங்க. செருப்புக்குள்ள பெருவிரலு ஆடும்." அந்தப் பெருவிரலைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற பாட்டை எனக்குக் கைச்சாடையில் சொல்வாள். டிக்கோயாப் பக்கம் ஒரு சிங்களக் கல்யாணத்தில் எங்களுக்குத் தெரிந்த, சிங்களவர்கள் ஆடும் பைலாப் பாட்டெல்லாம் தீர்ந்துபோன பிறகும் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் "நங்கி, தவ எகக்!" என்று, 'தங்கச்சி, இன்னும் ஒன்று' கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒரு தமிழ்க் குத்துப்பாட்டைப் பைலா தாளத்தில் எடுத்துவிட்டாள். அவர் அதற்கும் ஆடினார். மண்டபம் முழுக்க ஆடியது.

இப்படி இருந்தவளைத்தான் டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

கொழும்பில் ஒரு டிவியில் பாட்டுப் போட்டி. கடையில் சும்மா இருந்த ஒரு நாள் அவள் பாடுவதை எடுத்து நான்தான் அனுப்பி வைத்தேன். தெரிவாகிவிட்டாள். போட்டிக்கு முன்னால் ஒவ்வொரு பாடகரையும் பற்றிச் சின்னப் படம் ஒன்று காட்டுவார்களாம். அதை எடுக்கக் கமராவோடு இரண்டு பேர் பொகவந்தலாவைக்கு வந்தார்கள். பொறுப்பாக வந்த பையன் பெயர் திலக்ஷன். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான்.

ராக்காயி அம்மா காலையிலிருந்தே தயாராக இருந்தார். புதுச் சேலை. சோபாவுக்குத் துவைத்த விரிப்பு. லயத்தை விட்டு வந்து கட்டிய வீட்டின் டைல் தரையை இரண்டு தரம் துடைத்திருந்தார். திலக்ஷன் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். முகம் கொஞ்சம் விழுந்தது.

"அம்மா, வீடு நல்லா இருக்கு. ஆனா... பழைய லயம் ஒண்ணு பக்கத்துல இருக்குமா? கூரை ஒழுகுற மாதிரி?"

"மழை பெஞ்சா ஒழுகுற லயம் நெறைய இருக்கு தம்பி. ஏன், உனக்கு ஒழுகணுமா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு மெதுவாக விளக்கினான். பார்க்கிறவர்கள் மனதில் பதிய வேண்டும், இது மலையகத்திலிருந்து வந்த குரல் என்று தெரிய வேண்டும், அக்கா கொழுந்து எடுக்கிற மாதிரி ஒரு காட்சி இருந்தால் போதும்.

"எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாது தம்பி" என்றாள் சர்மிளா. "நான் தையக்காரி. கடையில வந்து எடுங்களேன். மெஷின் இருக்கு, சன்னலுக்கு வெளிய பஜார் இருக்கு."

"கடை எல்லா ஊர்லயும் இருக்கேக்கா."

சர்மிளாவுக்குப் போட்டியில் பாட ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை வருசமாக மற்றவர்களின் கல்யாணத்தில் பாடிக்கொண்டிருக்கிறவள். கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பழைய சேலை வாங்கிக் கட்டி, இடுப்பில் கொழுந்து எடுப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றி, கூடையை எடுத்து முதுகில் போட்டாள். கயிறு தலையில் நிற்காமல் வழுக்கி மூக்குக்கு வந்தது.

ராக்காயி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே, அது ஸ்கூல் பேக்கா? தலைய முன்னால சாய்டி. இப்பிடி." தானே கயிற்றை எடுத்து மகளின் தலையில் சரியாக வைத்தார். வைத்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். "இதுக்குத்தான் ஒன்னயத் தையல் படிக்க அனுப்பினேனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கமராவுக்கு அது கேட்கவும் இல்லை.

மலையில் படம் எடுத்து முடித்து வந்ததும் எல்லாருக்கும் ரொட்டியும் பிளேன்டீயும். திலக்ஷன் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டான். ராக்காயி அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கொழும்புதாம்மா."

"அதுக்கு முன்ன?"

அவன் இன்னொரு துண்டு ரொட்டியை எடுத்தான். டீ நன்றாக இருக்கிறது என்றான்.

படம் ஒளிபரப்பான அன்று தோட்டமே பார்த்தது. சோகமான புல்லாங்குழல். மேகம். மலைச்சரிவில் சர்மிளா கூடையோடு நிற்கிறாள். 'தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கண்ணீர்க் குயில்' என்று எழுத்து ஓடியது. மறுநாள் அவள் லயத்துப் பக்கம் போனபோது பெண்கள் விடவில்லை. அங்கே கொழுந்து எடுக்கும் மீனம்மா அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம் புள்ள, கொழுந்து எடுத்தியா, கெளைய ஒடிச்சியா? முத்தின எலையா அள்ளி அள்ளிப் போடுற. கணக்கப்பிள்ள பாத்திருந்தா அந்தக் கூடையத் திருப்பிக் கொட்டியிருப்பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று கடையில் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க நல்ல மனசோடதாண்ணே சிரிச்சாங்க. அதான் வலிக்குது. அந்த வேலையில கை வெடிச்சவங்க அவங்க. நான் அத ஒரு நாளைக்கு வேசம் மாதிரி கட்டிக்கிட்டு நின்னுட்டேன்."

அடுத்த சுற்றுக்குக் கொழும்புக்குப் போனோம். வீரய்யாவின் வேனில் நாங்கள் எல்லாரும், முன் சீட்டில் ராக்காயி அம்மா. ஸ்டூடியோவில் உடை பார்க்கிற பெண் ஒரு கைத்தறிச் சேலையை நீட்டினாள். சர்மிளா அதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன் மேல் தன் பச்சைக் கோட்டை மாட்டினாள். பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை, வெளிச்சம் பட்டால் மயில் கழுத்து மாதிரி மின்னும். அந்தப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்தாள். திலக்ஷன் தூரத்திலிருந்து, "பரவாயில்ல, இருக்கட்டும்" என்று கையைக் காட்டினான்.

பாடுவதற்கு முன்னால் தொகுப்பாளினி மைக்கோடு வந்தாள். அழகான பெண். குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "சர்மிளா, கொட்டும் மழையில், அட்டைக் கடியில், கூடையைச் சுமந்துகொண்டு கொழுந்து பறிப்பீர்கள் இல்லையா? அப்போது மனதில் என்ன பாட்டு ஓடும்?"

நான் கீபோர்ட் பக்கத்தில் நின்றேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் சர்மிளா.

தொகுப்பாளினி புன்னகையை மாற்றாமல் நின்றாள்.

"நான் கொழுந்து எடுத்ததே இல்லீங்க. போன தடவ படத்துல காட்டினது சும்மா எடுத்தது. நான் ஹட்டன்ல தையக் கடை வச்சிருக்கேன். மழை பெஞ்சா சன்னல சாத்திட்டு உள்ள இருந்து தைப்பேன். நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் எங்க அம்மாவுக்குத்தான் தெரியும். அந்தா, ரெண்டாவது வரிசையில இருக்காங்க."

வேறு வழியில்லாமல் மைக் ராக்காயி அம்மாவிடம் போனது. அவர் எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமாங்க, நான்தான் எடுத்தேன். மழையில அட்டை கடிக்கும். வெரலு வெடிக்கும். ராவுல எரியும். எல்லாம் உண்மைதான். அதப் பத்தி கேக்கணும்னா ஒரு நாளு வீட்டுக்கு வாங்க, உக்காந்து பேசுவோம். இன்னிக்கு பாட்டுப் போட்டின்னு சொன்னாங்க." கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பினார். "எம் மவ கஷ்டப்பட்டதுனால பாடலீங்க. பாட வரும், அதனால பாடுறா. சின்னதுல ஏணையில கெடக்கும்போதே லயமே முழிக்கிற மாதிரி கத்துவா. அப்பவே எனக்குத் தெரியும். சரி, பாடச் சொல்லுங்க, நேரமாகுது."

உட்கார்ந்துவிட்டார். மைக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அவர்கள் வந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சர்மிளா அன்று பாடிய மாதிரி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சினிமாவில் வந்த வேகப் பாட்டுத்தான், எங்கள் கல்யாண மேடைகளில் நூறு தடவை பாடியதுதான். ஆனால் கையைத் தூக்கினாள் பாருங்கள், அந்தப் பெரிய ஸ்டூடியோ எங்களுடைய கோயில் மைதானம் மாதிரி ஆகிவிட்டது. நடுவர்களில் ஒருவர் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது என்றார். இன்னொருவர் அந்தக் கரகரப்புத்தான் நன்றாக இருக்கிறது என்றார். அந்தச் சுற்றில் தப்பினாள். அடுத்த சுற்றில் வெளியேறினாள். அவளைவிட நன்றாகப் பாடிய ஒரு பிள்ளை மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தது. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறொன்றில். ஒளிபரப்பில் ராக்காயி அம்மா பேசியது இல்லை. சர்மிளா "தெரியாதுங்க" என்றதும் இல்லை. வெட்டிவிட்டார்கள். தொகுப்பாளினி கேள்வி கேட்கிறாள், உடனே பாட்டு ஆரம்பிக்கிறது. ஆனால் பார்வையாளர்களில் மஸ்கெலியாப் பையன் ஒருவன் இருந்திருக்கிறான். கொழும்பில் கடையில் வேலை செய்கிறவன். முழுவதையும் போனில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். இரண்டு நாளில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ராக்காயி அம்மாவின் குரல்தான் கேட்டது. டிவியில் வந்த பாட்டைவிட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் திலக்ஷன் போன் பண்ணினான். சர்மிளா ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"அக்கா, வெட்டினது என் கையில இல்ல. நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மாகிட்ட சொல்லுங்க."

"அம்மா கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

அதற்கு அவன் சொன்னான். "அம்மா, அன்னிக்கு எந்த ஊருன்னு கேட்டீங்கல்ல. எங்க அம்மா மஸ்கெலியாவுலதாம்மா பொறந்தாங்க. தோட்டத்துலதான். எங்க வீட்டுல அதப் பத்திப் பேச மாட்டோம்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் ராக்காயி அம்மா. "ரொட்டிய நீ டீயில நனைச்சு தின்னப்பவே. அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வா தம்பி. சும்மா வாங்க. கமரா வேணாம்."

வந்தார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம், நான் எழுதுவது சரியில்லை. அந்த அம்மா வந்து இறங்கியதும் ராக்காயி அம்மாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அதன் பிறகு எங்கள் மேடைகளில் ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. சினிமாப் பாட்டுப் பாடினால், "அக்கா, உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்று கத்துகிறார்கள். எங்களுக்குச் சொந்தப் பாட்டு ஏது? சர்மிளா கடையில் உட்கார்ந்து, மெஷின் ஓடுகிற வேகத்துக்கே ஒன்று கட்டினாள். கோவா, அதாவது முட்டைக்கோஸ், மூட்டைகளோடு வரும் ஹட்டன் பஸ்ஸைப் பற்றியது.

"தள்ளி உக்காரு மச்சானே, நானும் ஹட்டன் போகணும்,
கோவா மூட்டை சாயுதுங்க, எங்க கால வைக்கணும்..."

அவ்வளவுதான். இப்படியே ஆறு வளைவு, ஏழு வளைவு என்று போகும். ஒவ்வொரு வளைவிலும் கூட்டம் முழுக்க ஒரு பக்கம் சாய வேண்டும். தோட்டத்துக் கல்யாணங்களில் கிழவர்கள்கூடச் சாய்கிறார்கள். மண்டபத்தில் நாற்காலிகள் உடைந்திருக்கின்றன.

மஸ்கெலியாவில் ஜீவராஜ் என்று ஓர் இளைஞர் இருக்கிறார். ஆசிரியர், கூட்டங்களில் நன்றாகப் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இவ்வளவு சனம் உங்கள கேக்குது. நம்ம சம்பளத்தப் பத்தி, நமக்குன்னு இல்லாத காணியப் பத்தி ஒரு பாட்டு பாடலாமே. பஸ்ஸப் பத்திப் பாடுறீங்களே. டிவியிலயும் கஷ்டத்தப் பேச வேணாம்னுட்டீங்க."

சர்மிளா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"நான் கஷ்டத்தப் பேச வேணாம்னு சொல்லல தம்பி. கஷ்டத்த விட்டா நம்மகிட்ட வேற ஒண்ணுமே இல்லேன்னு நினைக்கிறாங்களே, அதத்தான் வேணாம்னேன். நம்ம சனம் அழுதுக்கிட்டே இருந்திருந்தா இத்தன காலம் இருந்திருக்குமா? சிரிக்கத் தெரிஞ்சதுனாலதான் இருக்கு."

"சிரிச்சா மட்டும் காணி கெடைச்சிருமாக்கா?"

அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டுத் தலையாட்டினாள். ஜீவராஜும் அதை வெற்றி மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி" என்றாள். "நீங்க சொல்றதும் நெசந்தான். எழுதிக் குடுங்க, பாடுறேன். ஆனா ஆடுற மாதிரி எழுதணும்."

அவர் எழுதிக்கொண்டு வந்த முதல் பாட்டில் மூச்சு விட இடமில்லை. 'ஒடுக்கப்பட்ட' என்று தொடங்கி அந்த வரி முடிவதற்குள் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. திருப்பி எழுதினார். இவள் ஒரு வரியில் 'பாவப்பட்ட சனம்' என்று மாற்றிப் பாடினாள். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நாம் பாவப்பட்டவர்கள் இல்லை, உரிமை உள்ளவர்கள் என்றார். அது சரி என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். இரண்டு மாதமாக என் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் இந்தச் சண்டைதான். வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கீழே ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாகரத்தினம் முதலாளிகூட மாடிப்படி ஏறி வந்து, இரண்டாவது சரணத்தில் தாளம் இடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாதக் கடைசியில் மஸ்கெலியாவில் ஒரு கல்யாணம். அங்கே அந்தப் பாட்டை முதன்முதலாகப் பாடுவதாக முடிவு. பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டோம். பெண்ணின் அப்பா சம்பளப் பாட்டா என்று கொஞ்சம் தயங்கினார். மணப்பெண்ணே போனை வாங்கி, பாடுங்கள் என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் என் கடையில் ஒத்திகை. வீரய்யா வேனைக் கழுவிக்கொண்டே கீழேயிருந்து கேட்டார். சர்மிளா பாடத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, "அண்ணே, அரைக் கட்டை எறக்குங்க" என்றாள். நாற்பதைத் தாண்டிய பிறகு மேல் சுரங்கள் முன்போல் வருவதில்லை. முன்பென்றால் இதற்குக் கவலைப்பட்டிருப்பாள். இப்போது சாதாரணமாகச் சொல்கிறாள். இறக்கினேன். பாட்டு முன்னைவிட அடர்த்தியாக இருந்தது.

ராக்காயி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டிவியில் பேசியதற்குப் பிறகு எங்கள் எல்லா ஒத்திகைக்கும் வருகிறார். முடிந்ததும் நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா காணின்னு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்துடி. நீ ஓடிப்போயிடுற. கேக்குறவங்க அங்க கொஞ்சம் நிக்கணும்."

சர்மிளா என்னைப் பார்த்தாள். நான் ஜீவராஜைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். அவள் மறுபடியும் எடுத்து, அந்த இடத்தில் நிறுத்தி, பிறகு பாடினாள்.

அதுதான் சரியாக இருந்தது.